முதல் பங்கு வருகிற வீடு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அது நொண்டி. இதில் உட்காருங்கள். கடுங்காப்பி குடிப்பீர்களா? நான் ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் சாயங்காலம் என்றால் எனக்கு இதுதான் விடியற்காலை.

ஆக, தொபியாஸ் கொரேரா உங்களையும் பிடித்துவிட்டான். பாங்கில் மாற்றலாகி வந்து நீங்கள் பாத்திரம் பண்டத்தைக்கூடப் பிரித்திருக்க மாட்டீர்கள். அதற்குள் வாசலில் வந்து நின்று, “சார் நம்ம வேதம்தானே, நல்மரண சபையில சேர்ந்திருங்க” என்றிருப்பான். பல்லைக் காட்டியிருப்பான். நீங்கள் நல்ல மனுஷர், பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று வந்திருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. இந்த ஊரில் அந்தச் சபையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. சேராதீர்கள். அவ்வளவுதான்.

ஏன் என்றா? சொல்கிறேன்.

சபை என்றதும் பெரிதாக ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். பிணம் தூக்குகிற சபை சார் அது. உறுப்பினர் வீட்டில் யாராவது செத்தால் இவர்கள் தூம்பாவைக் கொண்டுவருவார்கள். தூம்பா என்றால் கோயிலுக்குச் சொந்தமான கறுப்புப் பெட்டி, மூடி கிடையாது, அடியில் இரண்டு நீளக் கொம்பு. சவப்பெட்டியை அதற்குள் வைத்துத் தோளில் ஏற்றிக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வெறுங்காலோடு நடப்பார்கள். இதற்கு ஒரு வெள்ளை அங்கி, அதன்மேல் நீலத் தோள்துணி. அங்கியைப் போட்டதும் ஒரு நடை வரும் பாருங்கள், ரோமாபுரியிலிருந்து நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கின கர்தினால் மாதிரி. யார் என்று பார்த்தால் தலைவர் தொபியாஸ் பெயிண்ட் கடைக்காரன். செயலாளர் கருவாட்டு ஏலம் கூறுகிறவன். செபத்தையும் ஏலம் மாதிரியே கூறுவான். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று அவன் சொல்லி நிறுத்துகிற நிறுத்தில், இன்னும் யாராவது கூட்டிக் கேட்பார்களா என்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

உள்ளே சிரிக்கிறது என் மனைவி பிலோமி. கண்டுகொள்ளாதீர்கள். அவள் கட்சி வேறு.

இப்போது சபையின் வரலாற்றுக்கு வருகிறேன். அங்கேதான் இருக்கிறது அயோக்கியத்தனம். நூற்றாண்டு மலர் என்று ஒன்று போட்டார்கள். முதல் பக்கத்தில் ஆயர், இரண்டாம் பக்கத்தில் சூசையப்பர், மூன்றாம் பக்கம் முழுக்கக் கூலிங் கிளாஸோடு தொபியாஸ். நாலாம் பக்கத்தில் வரலாறு. வாந்திபேதி வந்து ஊர் செத்துக்கொண்டிருந்த வருஷத்தில், ‘இறையன்பால் உந்தப்பட்ட எழுவர்’ இந்தச் சபையைத் தொடங்கினார்களாம். ஏழு பெயர். முதல் பெயர் தொம்மை கொரேரா. யார்? தொபியாஸின் பூட்டன். மற்ற ஆறு பேரின் வாரிசுகளும் இன்றைக்குக் கமிட்டியில் உட்கார்ந்து பிரியாணி தின்கிறவர்கள்தான். எப்படி அமைந்தது பார்த்தீர்களா? வெளியாள் ஒருத்தன்கூட இறையன்பால் உந்தப்படவில்லை.

எட்டாவது பெயர் ஒன்று உண்டு சார். எட்டாவது என்ன எட்டாவது, முதல் பெயர். கயித்தான் மச்சாது. என் பூட்டன்.

ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், நீங்கள் படித்தவர். நான் படிக்காதவன், ஆனால் ஐஸ் கட்டி உறைகிற வரைக்கும் விழித்திருக்க வேண்டிய வேலை பாருங்கள், கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்திருக்கிறேன். கோயில்களின் வரலாறு, சேசு சபைச் சாமிமார் எழுதின கடிதங்கள், எல்லாம். வரலாறு எழுத்தில் மட்டும் இருக்காது, வழக்கத்தில் இருக்கும். இந்த ஊர் வழக்கம் என்ன? சூசையப்பர் திருநாளன்று சபையார் அசனம் வைப்பார்கள், ஊருக்கே சாப்பாடு. சோறு வெந்து, கறி இறக்கி, சாமியார் மந்திரித்ததும் முதல் பங்கு யாருக்குப் போகும்? சாமியாருக்கு இல்லை. தலைவருக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு. தலைவன் எவனோ அவனே புதுப் பானையில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பின்னால் வர, வெறுங்காலோடு எங்கள் வாசலுக்கு வருவான். அது வந்து சேர்கிற வரைக்கும் ஊரில் ஒருத்தன் இலையில் கை வைக்கக்கூடாது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் அப்பா பிறந்ததிலிருந்து பார்த்தார். தொடங்கினவன் வீடு இல்லையென்றால் எதற்கு இந்த மரியாதை, சொல்லுங்கள்?

ஒருமுறை, அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் கேட்டேன், “நம்ம வீடுதானேப்பா சபையைத் தொடங்கினது?”

“சாப்பிடுலே” என்றார்.

அப்பாவின் குணம் அது. தன் பெருமையைத் தானே பேச மாட்டார். அந்தப் பானையை வாங்கும்போதுகூட நிமிர்ந்து நிற்க மாட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து வாங்குவார். கொண்டுவந்தவனும் தலையைக் குனிந்து கொடுப்பான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொள்வேன். இப்படிப் பேசாமல் இருந்துதான் இவர்களை ஏறி மேய விட்டார்.

நூற்றாண்டுக்குக் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கூட்டத்துக்குப் போனேன். அப்போது நானும் உறுப்பினன்தான், அங்கியோடுதான் போனேன். எழுந்து சொன்னேன்: “ஏழு பேருக்கு மேல என் பூட்டன் பேரு வரணும்.”

மறுப்பான்கள், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒருத்தன் மறுக்கவில்லை சார். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தான்கள். தொபியாஸ் மேஜையைத் துடைக்கிற மாதிரி கையால் தடவினான்.

“பார்ப்போம் இஞ்ஞாசி.”

“என்னவே பார்ப்போம்? இல்லன்னா இல்லன்னு சொல்லும். ஆமான்னா ஆமான்னு சொல்லும்.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“அப்பா என்ன சாமியாரா, அவர்கிட்ட ஒப்புதல் கேக்க?”

“சரி, உட்காரு. டீ வந்திருக்கு.”

டீ வந்திருக்காம். அங்கியைக் கழற்றி அந்த டீத் தட்டின் மேலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கல்வெட்டு வைத்தான்கள். ஏழு பெயர்தான். பளிங்கில் தங்க எழுத்து, கடையில் மிஞ்சின பெயிண்டாக இருக்கும். நான் அந்தப் பக்கமே போவதில்லை, போனாலும் வாசிப்பதில்லை. நாலாவது பெயரில் துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதை மட்டும் பார்த்தேன்.

அந்தக் கோடையில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். காலையில் எழுந்து முகம் கழுவினவர் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. செத்தால் எங்கே, எப்படி என்று அவர் எதுவும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றுதான். “என்னைச் சபையில தூக்கட்டும்லே. வண்டி கிண்டி வேண்டாம்.” அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், பிலோமியிடமும் சொல்லியிருக்கிறார். அதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் மறந்துவிட்டேன் என்று இவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் மறக்கவில்லை. எனக்கு அது தெரியும். தொபியாஸுக்கும் தெரியும். இனி விட்டால் நடக்காது, இவன்களை மடக்க இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. தப்பா சார்?

தூம்பாவைத் தூக்கும் முன்னால் வாசலில் ஒரு செபம் உண்டு. தொடங்கின ஏழு பேரையும் பெயர் சொல்லி அழைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பரலோக மந்திரம். கடைசியில், ‘பெயர் சொல்லாத அந்த ஒரு ஆத்துமாவுக்காக’ என்று ஒன்று. உத்தரிக்கிற ஸ்தலத்தில், பாவம் தீருகிற வரைக்கும், நினைப்பார் இல்லாத ஆத்துமாக்கள் கிடக்குமே, அதில் ஒன்றுக்கு என்று நான் நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அங்கியும் தோள்துணியுமாக வந்து வரிசையாக நின்றான்கள். நல்ல வெயில். நான் படியில் குறுக்கே நின்றேன்.

“கயித்தான் மச்சாதுன்னு முதல்ல சொல்லும். அப்புறம் உள்ள வாரும்.”

“இஞ்ஞாசி, கோயில்ல சாமி காத்துக்கிட்டு இருக்கார்.”

“காத்திருக்கட்டும். என் பூட்டன் இத்தனை காலம் காத்திருக்கார்.”

உள்ளேயிருந்து பிலோமி கத்தினாள்: “ஆமா, பெரிய ராஜ பரம்பரை! மாமாவை வெயில்ல வாட்டிக்கிட்டு வழக்கு பேசுதாரு. வழி விடும்!”

நான் விடவில்லை. அப்போது தொபியாஸ் என் தோளில் கை வைத்து, “வா, புறவாசலுக்குப் போவோம், ஒரு விஷயம் சொல்லணும்” என்றான். பணிகிறான் என்று நினைத்துப் போனேன்.

அங்கே, துவைக்கிற கல் பக்கத்தில் நின்று சொன்னான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

“உங்க பூட்டன் தொடங்கல இஞ்ஞாசி. அந்த வருஷம் வாந்திபேதியில செத்தார். தெருவுல ஒரு கதவு திறக்கல. எங்க பூட்டன் தொம்மை எதிர்வீடு, அவரும் திறக்கல. சன்னல் சந்து வழியா பார்த்துக்கிட்டு இருந்தாரு. உங்க பூட்டி ஒத்தைப் பொம்பளை, புருஷனைப் பாய்மரத்துணியில சுத்தி, கயிறு கட்டி, தெருவோட இழுத்துக்கிட்டுப் போனா. யாரையும் கூப்பிடல. வையல. அழுவுற சத்தமும் இல்ல. கோயில் முக்குல முடியாம உட்கார்ந்துட்டா. உட்கார்ந்து மூச்சு வாங்கினா. அந்த மூச்சுச் சத்தம்தான் தெரு முழுக்கக் கேட்டுதாம். அதுக்கு அப்புறந்தான் முதல் கதவு திறந்துது. ஏழு பேர் வந்தாங்க. இறையன்பும் இல்ல ஒண்ணும் இல்ல. வெக்கத்துல வந்தாங்க.”

“அப்போ ஏன் மலர்ல எழுதல?”

“பூட்டி சத்தியம் வாங்கிட்டா. ‘என் புருஷன் தெருவுல இழுபட்டான்னு எவன் வாயிலயும் வரக்கூடாது’ன்னு. அதனாலதான் பேர் சொல்லாத ஆத்துமா. அதனாலதான் முதல் பங்கு. அது மரியாதை இல்ல, வருஷா வருஷம் உங்க வாசல்ல வந்து நாங்க கேக்குற மன்னிப்பு. ஒவ்வொரு தலைவனும் பொறுப்பு ஏத்ததும் உங்க வீட்டு மூத்தவர்கிட்ட ஒருதரம் கேப்பான், சொல்லிரலாமான்னு. உங்க அப்பா கடைசி வரைக்கும் வேண்டாம்னுட்டார். இனி நீதான் மூத்தவன். நீ சரின்னா இப்பவே சொல்லுதேன். ஆனா தொடங்கினவர்னு சொல்ல மாட்டேன். முதல்ல சுமக்கப்பட்டவர்னுதான் சொல்லுவேன். ஏன்னு ஊர் கேக்கும். கேட்டா முழுசாச் சொல்லுவேன்.”

எப்படி ஜோடித்திருக்கிறான் பார்த்தீர்களா? ஒரு பெயரைக் கல்லில் வெட்டச் சோம்பல்பட்டுக்கொண்டு, ஒரு கதையையே கட்டிவிட்டான். சாட்சி யார் என்றால் என் அப்பா. உள்ளே கண்ணை மூடிப் படுத்திருக்கிறவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்! அவன் முகத்தை வேறு, ஏதோ அவன் பூட்டன்தான் இழுபட்டுப் போன மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வாசலுக்கு வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்: “சபைக்காரன் ஒருத்தனும் என் அப்பாவைத் தொடக்கூடாது. ஊர்க்காரனும் தொடக்கூடாது. நான் வண்டி வச்சுக் கொண்டுபோவேன்.”

டவுனிலிருந்து வண்டி வந்தது, கண்ணாடி வைத்த வண்டி, மேலே ஒலிபெருக்கி. நானும் டிரைவரும்தான் ஏற்றினோம். கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் புறப்பட்டால், பின்னால் இவன்கள் வருகிறான்கள் சார். அங்கி போட்டுக்கொண்டு, வெறும் தூம்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு. உள்ளே ஒன்றும் இல்லை. காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில், அந்தத் தாரில், வெறுங்காலோடு முழு ஊரையும் நடந்து வருகிறான்கள். என்ன நடிப்பு! எனக்கு வண்டிக்குள் உட்கார முடியவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் கல்லறைத் தோட்டம் கடலடியில். தார் ரோடு முடிந்ததும் மணல். டவுன்காரனுக்கு அது எங்கே தெரியும்? ஓட்டினான், சக்கரம் புதைந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தான், பாதி வண்டி புதைந்தது.

“அண்ணே, இதுக்கு மேல போவாதுண்ணே. இறக்கிருங்க, எனக்கு இன்னொரு சவாரி இருக்கு.”

சவாரியாம். நானும் அவனும் பெட்டியை மணலில் இறக்கினோம். அவன் சக்கரத்துக்கு அடியில் பலகை தேடப் போய்விட்டான். நான் சுற்றிலும் பார்த்தேன். ஊரே நிற்கிறது. ஒருத்தன் அசையவில்லை. நான் ஏதோ கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிற்கிற ஜனம் சார் இது. சொன்னவன் வாயைத் திறந்து ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டுமாம். நான் எதற்குக் கூப்பிடுகிறேன்?

தலைமாட்டுப் பிடியைப் பிடித்தேன். இழுத்தேன். பெட்டி மணலை உழுதுகொண்டு வந்தது. என்ன கனம் சார். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார் அப்பா, ஆனால் மணல் விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பிலோமி வந்து மறுபக்கம் பிடித்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டு பேருமாக இழுத்தோம். கல்லறை வாசல் தெரிகிறது, கிட்டே வர மாட்டேன் என்கிறது. பிலோமிக்கு முடியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அந்தச் சத்தம் மட்டும்தான் இருந்தது சார். கடல் சத்தம்கூட அந்நேரம் காதில் விழவில்லை.

அப்புறம் தொபியாஸ் வந்தான். தூம்பாவைப் பக்கத்தில் இறக்கினான்கள், பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான்கள். தூக்கத்தானே வேண்டும், அதுதானே அவன்கள் வேலை. தூக்கும் முன்னால் செபம். கருவாட்டுக்காரன் ஏழு பெயரையும் சொன்னான், அன்றைக்கு அவன் குரலில் ஏலம் இல்லை, தொண்டை கட்டியிருக்கும். ஏழாவது மந்திரம் முடிந்ததும் தொபியாஸ் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“இஞ்ஞாசி. நீ சொல்லு. சொல்லவா?”

இடம் பார்த்துக் கேட்டான் பாருங்கள், அந்த எத்தன். ஊர் நிற்கிறது. பெட்டியின் அடியெல்லாம் மணல். நாங்கள் இழுத்துவந்த கோடு பின்னால் அத்தனை நீளத்துக்குக் கிடக்கிறது. பிலோமி தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னேன்:

“வழக்கப்படியே சொல்லும்.”

என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டான் சார்! இத்தனை சண்டையும் எதற்குப் போட்டேனோ, அதை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டான். ‘பெயர் சொல்லாத அந்த ஒரு ஆத்துமாவுக்காக’ என்றார்கள். ஊர் முழுக்க மண்டியிட்டது. எனக்குக் கண்ணில் மணல் விழுந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

சரி, அவன் சொன்ன கதை நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்குத்தான். அப்போதும் யோசித்துப் பாருங்கள். என் பூட்டன் சாகாமல் இருந்திருந்தால் இந்த ஏழு பேரும் எதைத் தூக்கியிருப்பார்கள்? சன்னல் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றவன் தொடங்கினவனா, செத்தவன் தொடங்கினவனா? அந்த நியாயம் இவன்கள் மரமண்டையில் ஏறாது. நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் சொன்னேன். இந்த ஊரில் யாரிடமும் வாயைத் திறந்துவிடாதீர்கள். கயித்தான் என்ற பெயரே நீங்கள் கேள்விப்படவில்லை.

சேராதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். எதற்குச் சிரிக்கிறாய் பிலோமி? நான் என்ன உறுப்பினனா? சார், அவள் சொல்வதைக் கேட்காதீர்கள். சாவு விழுந்தால் நானும் போகிறேன், உண்மைதான். இந்தச் சட்டையோடுதான் போகிறேன், அங்கியை அவன்கள் கொண்டுவந்து கொடுத்தும் நான் தொடவில்லை. அன்றைக்கு என் அப்பாவைத் தூக்கினதைப் பார்த்தேனே, அந்த லட்சணத்துக்குத்தான் போகிறேன். ஒருத்தனுக்கும் தூம்பாவை நேராகத் தூக்கத் தெரியவில்லை. பின்கொம்பில் இடது பக்கம் நான். என் ஜோடியாக வலது பக்கம் ஒரு குள்ளனை விட்டிருக்கிறான்கள், பெட்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, செத்தவர் ஒருக்களித்துப் படுத்த மாதிரி போகிறார். இரண்டு தோளும் ஒரே உயரம் இருந்தால்தான் உள்ளே இருக்கிறவர் மல்லாந்து போவார். இதைக்கூட நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, நூறு வருஷச் சபைக்கு.

கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் சார். இப்படி, என் பக்கத்தில். இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.